பிரேக் ஒயரில் மிச்சம் பிடிக்கலாமா?

சைக்கிள் பிரேக்குக்கும் நம் இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். பருப்பு விலை, வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று எழுத வேண்டிய பக்கத்தில் ஒயரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கவும் கூடும். சம்பந்தம் இருக்கிறது. நம்மில் சைக்கிள் கடையும் உதிரிப்பாகக் கடையும் வைத்திருப்போர் சிலர். சைக்கிளில் வீடுவீடாகச் சரக்கு அனுப்பும் மளிகைக் கடைக்காரர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. ஒரு வணிகர் விற்கிற ஒயரை நம்பித்தான் இன்னொரு வணிகரின் கடைப் பையன் மூட்டையோடு சாலையில் இறங்குகிறான். ஆகவே இது இரு தரப்பாருக்கும் உரிய விஷயம்.

நாம் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவர்கள். பிறருக்குப் புத்தி சொல்லுமுன் நம் கடையில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை.

ஒரு மழைக்காலம். பண்டிகை நேரம். கடையில் நிற்க இடமில்லை. பல வருடப் பழக்கமுள்ள மளிகைக் கடைக்காரர் ஒருவர், தம் கடைச் சைக்கிளை அனுப்பியிருந்தார். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி. பின் பிரேக் ஒயர் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மாற்ற வேண்டும். 5 மில்லிமீட்டர் பிரேக் அவுட்டர் சுருள் அன்று காலையே தீர்ந்துவிட்டது. கியர் அவுட்டர் இருந்தது. மெக்கானிக் அதைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இதைப் போட்டுடவா?" என்று கேட்டார். பில் எழுதிக்கொண்டிருந்த நாம் தலையை ஆட்டினோம். அவ்வளவுதான் நாம் செய்தது.

பத்து நாள் கழித்து, அந்தக் கடையின் இருபது வயதுப் பையன் 25 கிலோ அரிசி மூட்டையோடு ரயில்வே மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தான். முன்னால் போன பேருந்து திடீரென நின்றது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான். பின் பிரேக்கின் அவுட்டர் பிடியருகே வெடித்துப் பிளந்தது. பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. முன் பிரேக் மட்டும் பிடித்து, ஈரத் தாரில் சக்கரம் வழுக்கி, பையன் மூட்டையோடு விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் சுதாரித்ததால் உயிர் தப்பியது.

மறுநாள் மளிகைக் கடைக்காரர் வந்தார். சத்தம் போடவில்லை. பிளந்த அவுட்டரை நம் மேஜையில் வைத்தார். உள்ளே இருந்த கம்பிகள் துடைப்பக் குச்சி போல விரிந்து நின்றன. "அரிசியில கல் கிடந்தா நான் மாத்திக் கொடுத்துடறேன் அண்ணாச்சி. இதுக்கு நீங்க எதை மாத்திக் கொடுப்பீங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் செலவை நாம் ஏற்றுக்கொண்டோம். அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இன்றுவரை நம்மிடம் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

கம்பி போய் ஒயர் வந்தது

நம் தகப்பனார் காலத்துச் சைக்கிளில் ஒயரே கிடையாது. கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பிதான். அழுத்தினால் கட்டை ரிம்மைப் பிடிக்கும். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது, 1956இல் லூதியானாவில் ஹீரோ தொடங்கியது. இவர்களும் பிறரும் செய்த கனத்த வண்டிகளில் கம்பி பிரேக்கே பல்லாண்டு ஓடியது. அந்தக் கம்பி துருப்பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும், வளைந்தாலும் தெரியும்.

ஒயர் பிரேக் அப்படியல்ல. அதன் நோய் உறைக்குள்ளே இருக்கிறது. ஒயரும் உறையும் சேர்ந்த இந்த அமைப்புக்கு 1896இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மன்னிங்டன் பௌடன். உள்ளே ஒரு முறுக்குக் கம்பி. வெளியே அதைச் சுற்றி ஓர் உறை. கம்பி எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு எதிர்விசையை உறை தாங்க வேண்டும். உறை அசையாமல் நின்றால்தான் கையின் பலம் முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். உறை அமுங்கினால் அமுங்கிய அளவுக்கு நஷ்டம்.

நம் மொழியில் சொன்னால், அவுட்டர் என்பது இடைத்தரகர். கை கொடுக்கிற சரக்கைச் சக்கரத்திடம் சேர்ப்பது அவர் வேலை. நல்ல தரகர் சிறு கமிஷனோடு விடுவார். மோசமான தரகர் பாதிச் சரக்கை வழியிலேயே இறக்கிவிடுவார். பிடியை இறுக்கியும் வண்டி நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை டிஸ்க்கில் இல்லை, தரகரிடம் இருக்கிறது.

டிஸ்க் பிரேக்கில் இந்த நஷ்டம் கூடுதலாகத் தெரியும். காரணம், பேடுக்கும் டிஸ்க் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒயர் இழுக்கும் அளவும் குறைவு. அந்தச் சிறிய இழுப்பிலும் உறை ஒரு பங்கை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது சொற்பம். பின் சக்கரத்துக்குப் போகும் உறை முன் சக்கரத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். நீளம் கூடக் கூட அமுங்கலும் கூடும். பின் பிரேக் எப்போதும் கொழகொழவென்று இருப்பதன் ரகசியம் இதுதான்.

எதை வாங்கி வைப்பது?

முதலில் உள் ஒயர். பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் கனம். கியர் ஒயர் 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது. துத்தநாகப் பூச்சு ஒயர் விலை மலிவு. பூச்சு தேய்ந்ததும் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எவர்சில்வர் ஒயர் விலை சற்று அதிகம். மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கும். மேற்பரப்பை மழமழப்பாக்கிய எவர்சில்வர் ஒயர் உறைக்குள் உரசாமல் ஓடும். நம் ஊர் மழைக்கு எவர்சில்வரே போதுமானதும் பொருத்தமானதும் ஆகும்.

ஒயரின் தலைக்குண்டிலும் இரண்டு வகை உண்டு. நேர்க் கைப்பிடி வண்டிகளின் பிடிக்கு உருளை வடிவக் குண்டு; வளைந்த கைப்பிடியுள்ள ரேஸ் வண்டிக்குப் பேரிக்காய் வடிவக் குண்டு. பொருந்தாத குண்டை அரத்தால் தேய்த்துத் திணிக்கிற பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அது ஒயரின் தலையைத் தானே வெட்டிவைப்பதற்குச் சமம்.

அடுத்து அவுட்டர். இதில் மூன்று தரங்களை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, சாதாரண பிரேக் அவுட்டர். 5 மில்லிமீட்டர் கனம். பட்டைக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி மேலே பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். சுருள்களுக்கிடையே இடம் இருப்பதால் இழுக்கும்போது சற்று அமுங்கும். ஆனால் பிளக்காது. இதிலேயே உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வைத்ததும் வைக்காததும் உண்டு. குழாய் வைத்ததை மட்டுமே வாங்கி வைக்க வேண்டுகிறோம்.

இரண்டு, கியர் அவுட்டர். பொதுவாக 4 மில்லிமீட்டர். இதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அமுங்காது என்பதால் கியர் மாற்றத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் அந்தக் கம்பிகளைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது வெளிப் பிளாஸ்டிக் மட்டுமே. பிரேக்கின் அழுத்தம் வந்தால் கம்பிகள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நம் கடையில் நாம் தலையாட்டியது இதற்குத்தான். கியர் அவுட்டரைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடக் கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு சைக்கிள் கடைச் சுவரிலும் எழுதி ஒட்டினாலும் இந்தக் கட்டுரை பயன் பெற்றதாகும்.

மூன்று, பிரேக்குக்கென்றே செய்யப்பட்ட அமுங்காத அவுட்டர். இதிலும் கம்பிகள் நீளவாக்கில்தான் ஓடும். ஆனால் அவை பிதுங்கி வெளியே வராதபடி மேலே உறுதியான பின்னல் ஒன்றைச் சுற்றியிருப்பார்கள். சிறு சிறு அலுமினியக் கணுக்களைக் கோத்துச் செய்ததும் உண்டு. இதைப் போட்டால் பிடி கல்லைப் போல நிற்கும். கையின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். விலை சாதாரணத்தைப் போலப் பல மடங்கு.

எல்லா வாடிக்கையாளருக்கும் மூன்றாவது தரம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளையின் வண்டிக்கு எவர்சில்வர் ஒயரும் குழாய் வைத்த 5 மில்லிமீட்டர் அவுட்டரும் தாராளமாகப் போதும். மூட்டை ஏற்றுகிற வண்டி, மேட்டுப் பகுதியில் ஓடுகிற வண்டி, நெடுந்தூரம் போகிறவர் வண்டி ஆகியவற்றுக்கு அமுங்காத அவுட்டரைச் சிபாரிசு செய்யலாம். செலவு அதிகம் என்பவருக்குப் பின் சக்கரத்துக்கு மட்டும் போட்டுக் கொடுக்கலாம். வேறுபாடு அதிகம் தெரிவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிடிகளில் ஒயரை அதிகம் இழுப்பவை, குறைவாக இழுப்பவை என இரண்டு இனம் உண்டு. காலிப்பரும் அதற்கு ஏற்ற இனமாக இருக்க வேண்டும். குறைவாக இழுக்கும் பிடியோடு அதிக இழுப்பு வேண்டும் காலிப்பரைச் சேர்த்தால், பேட் முழுதாகப் பிடிக்குமுன் பிடி கைப்பிடியில் முட்டும். மாற்றிச் சேர்த்தால் பிடி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. இந்தக் குறைக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஒயரும் மருந்தாகாது. ஒயரை விற்குமுன் ஜோடி சரிதானா என்று பார்ப்பது நம் கடமை.

நல்ல சரக்கும் கெட்ட கைவேலையும்

நல்ல ஒயரை வாங்கி மோசமாகப் பொருத்தினால் பணம் தண்டம். பொருத்துவதில் நம் கடைகளில் வழக்கமாக நடக்கும் பிழைகளைச் சொல்கிறோம்.

அவுட்டரைச் சாதாரண கட்டிங் பிளேயரால் வெட்டுவது முதல் பிழை. முனை நசுங்கி, உள் குழாய் மூடிக்கொள்ளும். ஒயர் வெட்டுவதற்கென்றே உள்ள கத்தரி ஒன்று ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். வெட்டியபின் முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, மூடிய குழாயைக் கூர் ஊசியால் திறந்துவிட்டு, முனை மூடி போட்டு உட்கார வைக்க வேண்டும். முனை சாய்வாக இருந்தால் பிடிக்கும்போதெல்லாம் அது புரளும். அமுங்காத அவுட்டருக்கே விலை கொடுத்தும் பிடி கொழகொழப்பது இதனால்தான்.

அளவில் கஞ்சத்தனம் இரண்டாவது பிழை. கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடாத நீளத்துக்கு வெட்ட வேண்டும். அதற்காக நீளமாகத் தொங்கவிடவும் கூடாது. வளைவுகள் குறைவாகவும் விரிவாகவும் இருக்கட்டும். பின் காலிப்பருக்குள் நுழையுமுன் அவுட்டர் சற்றுக் கீழே இறங்கி மேலேறும்படி விட்டால், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், காலிப்பருக்குள் போகாது.

மூன்றாவது பிழைதான் மிகப் பரவலானது. பேட் தேய்ந்துவிட்டால் அதைச் சரிசெய்யாமல் ஒயரை இழுத்து இறுக்கிக் கட்டுவது. பிடி உடனே கெட்டியாகும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் காலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் போய் நிற்பதால் அதன் நெம்பும் பலம் குறைந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் பேட் தேய்ந்தால் கை போய் முட்டி நின்றுவிடும். கை முழுதாகத் திரும்பிய நிலையில்தான் ஒயரை மாட்ட வேண்டும். தேய்மானத்தைக் காலிப்பரில் உள்ள பேட் திருகாணியில்தான் சரிசெய்ய வேண்டும். மலிவான காலிப்பர்களில் ஒரு பக்கப் பேட்தான் நகரும். அசையாத பக்கத்துப் பேடைத் தட்டுக்கு மிக அருகில் வைத்து, பிறகு மற்றதைச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, எண்ணெய். ஒயர் இறுகிவிட்டது என்று அவுட்டரின் முனையில் எண்ணெய் விடுவது நம் பழைய பழக்கம். அந்த எண்ணெய் ஒயர் வழியே வழிந்து பேடிலோ தட்டிலோ பட்டால் பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். எண்ணெய் குடித்த பேடைப் பெரும்பாலும் தூக்கி எறியத்தான் வேண்டும். உள் குழாய் வைத்த அவுட்டருக்கு எண்ணெய் தேவையில்லை. இறுகிய ஒயரை மாற்றுவதுதான் வைத்தியம்.

வேலை முடிந்ததும் பிடியைப் பத்துப் பன்னிரண்டு முறை பலமாக அழுத்திப் பார்க்க வேண்டும். முனைகள் அப்போது உட்கார்ந்துகொள்ளும். சற்றுத் தளர்ந்திருந்தால் மீண்டும் சரிசெய்துவிடலாம். ஒயரைக் கவ்வும் போல்ட்டை இறுகச் செய்து, முனை பிரியாமல் தொப்பி போட்டு அனுப்ப வேண்டும். கூடவே, "ஒரு வாரம் ஓட்டிட்டு ஒரு தடவை காட்டிட்டுப் போங்க" என்று சொல்லியனுப்புவது நல்ல வியாபாரமும் ஆகும்.

சட்டமும் நம்மைப் பார்க்கிறது

இதெல்லாம் தர்ம நியாயம் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பு தனி அத்தியாயமாகவே இருக்கிறது. 2020 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தது. அதன் 86ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரும் எந்தச் சந்தர்ப்பங்களில் பொறுப்பாவார் என்று சொல்கிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்பது அவற்றில் ஒன்று. பொருளைப் பூட்டுவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் நியாயமான கவனம் எடுக்காமல், அதுவே தீங்குக்கு நேரடிக் காரணமாவது இன்னொன்று.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். பெயரில்லாத கட்டு ஒயர், பில் இல்லாத கொள்முதல், அவசரத்தில் பூட்டிய அவுட்டர். மூன்றும் சேர்ந்தால், 'தயாரித்தவரைப் போய்க் கேளுங்கள்' என்று கைகாட்ட நமக்கு ஆளில்லை. அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் கனமும் எந்தப் பிரேக்குக்கு என்பதும் அச்சிட்ட சரக்கை, பில்லோடு வாங்கி, பில்லோடு விற்பதே நமக்குப் பாதுகாப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிப்பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில் போட்டால் கட்டுபடியாகாது என்ற சாக்கும் அதோடு பலவீனமாகிவிட்டது.

"விலைதானே கேட்கிறான்!"

நம் தொழில் நண்பர்கள் சொல்லும் மறுப்பு நமக்குத் தெரியும். வாடிக்கையாளர் விலையை மட்டுமே கேட்கிறார். உயர்ந்த சரக்கை வாங்கி வைத்தால் முதல் முடங்கும். பக்கத்துக் கடைக்காரர் மலிவாகக் கொடுத்து ஆளைத் தட்டிக்கொண்டு போவார் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. முதல் முடக்கம் சிறு வணிகருக்கு உயிர்ப் பிரச்சினைதான்.

ஆனால் வாடிக்கையாளர் விலையை மட்டும் கேட்பதற்குக் காரணம், நாம் விலையை மட்டும் சொல்வதுதான். மளிகைக் கடையில் இரண்டு ரகத் துவரம் பருப்பைக் கையில் அள்ளிக் காட்டுகிறோம். வாங்குபவர் பார்த்து, கடித்து, தாமே முடிவு செய்கிறார். சைக்கிள் கடையில் மட்டும் ஏன் இது நடப்பதில்லை? மூன்று அவுட்டரையும் ஒரு சாண் அளவு வெட்டி, உள்ளே தெரியும்படி தோலுரித்து, ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டி வைத்தோம். அதைப் பார்த்தபின் மலிவையே கேட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். பலகைக்கு ஆன செலவு ஒரு டீச் செலவு.

சரக்கு வண்டி வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் பையன் பிடியை இறுக்கிப் பார்க்கட்டும். பிடி கைப்பிடியைத் தொட்டால் வண்டி வெளியே போகக் கூடாது. விட்டதும் பிடி தானே திரும்பாவிட்டால் ஒயர் இறுகிவிட்டது என்று பொருள். காலிப்பரருகே ஒயரில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். அவுட்டர் எங்காவது உப்பியிருந்தால் அது பிளக்கப் போகிறது. இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தராசின் முள்ளைத் தினமும் பார்க்கிற நமக்கு இது பெரிய வேலையல்ல.

சங்கம் செய்ய வேண்டியது

தனித்தனியே வாங்கினால் நல்ல சரக்கு விலை கூடும்; முதலும் முடங்கும். சங்கத்தின் சைக்கிள் உதிரிப்பாகப் பிரிவினர் ஒன்று சேர்ந்து, குழாய் வைத்த 5 மில்லிமீட்டர் அவுட்டரையும் எவர்சில்வர் ஒயரையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து பங்கிட்டுக்கொள்ளலாம். அமுங்காத அவுட்டரை ஊருக்கு ஒரு கடையில் இருப்பு வைத்தால் போதும். தேவைப்பட்டவர் அங்கிருந்து வாங்கிக்கொள்வார். நல்ல ஒயர் கத்தரி வாங்க வசதியில்லாத சிறு மெக்கானிக்குகளுக்குத் தவணையில் வாங்கிக் கொடுக்கலாம். கடை விடுமுறை நாள் ஒன்றில், அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு அரை நாள் செய்முறை விளக்கம் நடத்தலாம். இதற்கெல்லாம் பெரும் நிதி வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

அந்தப் பையன் இப்போது மீண்டும் சைக்கிள் ஓட்டுகிறான். மணிக்கட்டு முன்போல வளையவில்லை. மூட்டையை மறுகையால்தான் தூக்குகிறான். நம் கடையைக் கடக்கும்போது, "அண்ணாச்சி" என்று மரியாதையாகவே கூப்பிடுகிறான். ஒவ்வொரு முறையும் நம் கண் அவன் வண்டியின் பின் பிரேக் ஒயரைத்தான் பார்க்கிறது. நம் உறுப்பினர் எவருக்கும் அப்படிப் பார்க்கும் நிலை வரக் கூடாது என்பதே நம் விருப்பம். சரக்கு தீர்ந்துவிட்டால், "இன்று இல்லை, நாளை வாருங்கள்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அன்றைக்கு ஒரு பில் குறையும். அதோடு போகும்.